கொல்கத்தாவில் ஒரு நாள்: மண் குவளை முதல் டார்ஜிலிங் கெண்டி வரை

கொல்கத்தாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் விக்டோரியா நினைவு மண்டபம், ஹௌரா பாலம், காளிகாட், தக்ஷிணேஸ்வரம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். பசித்தபோது கண்ணில் பட்ட இடத்தில் எதையோ சாப்பிட்டுவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு முழு நாளைப் பிரித்தெடுத்து, காலை முதல் இரவு வரை தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே கொடுக்கலாம் என்று நான் அழுத்தமாகப் பரிந்துரைப்பேன். போன இடங்களை எல்லாம் இரண்டு கேள்விகளால் அளந்தேன். கொடுக்கும் பண்டத்தை அதற்குரிய மரியாதையோடு செய்கிறார்களா என்பது முதல் கேள்வி. கொடுத்த பிறகு வந்தவரை நிம்மதியாக உட்கார விடுகிறார்களா என்பது இரண்டாவது. கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பழகிவிட்ட நமக்கு, இரண்டாவது கேள்வியில் இந்த நகரம் பெறும் மதிப்பெண் வியப்பாகவே இருக்கும்.

நாளைத் தொடங்க வேண்டிய இடம் பி.பி.டி. பாக், பழைய பெயரில் டல்ஹௌசி சதுக்கம். இந்தியாவில் தேயிலைக்கான முதல் பொது ஏலம் 1861 டிசம்பர் 27 அன்று இந்நகரத்தில்தான் நடந்தது. நம் குன்னூரில் ஏல மையம் வந்தது 1963இல், அதாவது நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. 1851இல் தொடங்கிய ஜே. தாமஸ் என்ற ஏல நிறுவனத்தின் நீல்ஹாட் ஹவுஸ் இன்றும் இந்த வட்டாரத்தில் நிற்கிறது. தேயிலைக்கு முன்பு அவர்கள் அவுரி நீலத்தை ஏலம் விட்டவர்கள் என்பதைக் கட்டடத்தின் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏலம் இப்போது கணினித் திரையில் நடக்கிறது என்பதால் வெளியாள் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அதே தெருக்களின் நடைபாதைகளில், அலுவலகங்கள் திறப்பதற்கு முன்பே, தேநீர்க்காரர்கள் அடுப்பைப் பற்றவைத்து விடுகிறார்கள்.

தெருத் தேநீர் பத்து ரூபாயைச் சுற்றித்தான். மண் குவளையில் வருகிறது. குவளை மிகச் சிறியது, நம் ஊர் டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதிகூட இராது. அசாம், டூவர்ஸ் பகுதிகளின் சி.டி.சி. குருணைத் தேயிலையைப் பாலோடும் தட்டிய இஞ்சியோடும் சேர்த்துக் கொதிக்க விடுகிறார்கள். நாம் செய்வதுபோல டிகாக்‌ஷனைத் தனியே வடித்துப் பாலில் கலந்து உயரத் தூக்கி ஆற்றும் வழக்கம் இங்கே இல்லை. அதனால் நுரை இராது, ஆனால் கனமும் காரமும் ஒன்றாகக் கலந்த தடித்த சுவை இருக்கும். சூடு பட்ட மண்ணின் வாசனை முதல் இரண்டு மடக்குகளில் நன்றாகத் தெரியும், பிறகு தேநீர் அதை மூடிவிடும். ஒரு குவளையோடு நிறுத்துகிறவரை அங்கே நான் பார்க்கவில்லை. பட்டாம்பூச்சி வடிவத்தில் சர்க்கரை தூவிய ஒரு பிஸ்கட்டைக் கண்ணாடிப் புட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். பெஞ்சில் இடம் இருந்தால் உட்காரலாம், பக்கத்தில் இருப்பவர் நாளிதழின் ஒரு தாளைப் பிரித்துத் தருவார். பால் வேண்டாதவர்கள் எலுமிச்சைத் தேநீர் கேட்கலாம். அதில் கறுப்பு உப்பு போடுகிறார்கள். முதல் வாயில் அந்தக் கந்தக வாடை திடுக்கிட வைத்தாலும், வெயில் ஏறும் நேரத்தில் அதைவிடத் தெம்பு தருவது வேறில்லை. பக்கத்தில் உள்ள டேக்கர்ஸ் லேனில் மிளகு தூவிய இளங்குழம்பாகக் கோழி ஸ்டூவும் வாட்டிய ரொட்டியும் விற்கிறார்கள். காலை உணவு வயிற்றில் கனக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு அது போதும்.

முற்பகலில் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விடுவது நல்லது. பழைய புத்தகக் கடைகளுக்காகவே பலரும் அங்கே போகிறார்கள் என்றாலும், என் கணக்கில் அந்தத் தெருதான் நாளின் நடுப்பகுதியைத் தாங்க வேண்டியது. பிரசிடென்சி பல்கலைக்கழகத்தை ஒட்டிய பவானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் தொடங்கியது. முன்பு வெறும் இந்து ஹோட்டலாக இருந்து, நாடு விடுதலை பெற்ற பிறகு, சுதந்திர பாரதம் என்று பொருள்படும் ‘ஸ்வாதீன் பாரத்’ என்பதைப் பெயரில் சேர்த்துக்கொண்டது. பிரசிடென்சியில் படித்த காலத்தில் சுபாஷ் சந்திர போஸ் இங்கே சாப்பிட்டார் என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வார்கள். இது ‘பைஸ் ஹோட்டல்’ என்ற வகையைச் சேர்ந்தது. வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிய மாணவர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் சில காசுகளில் வீட்டுச் சாப்பாடு போடுவதற்காக எழுந்த கடைகள் இவை. சோறு, பருப்பு, ஒவ்வொரு கறி, ஒவ்வொரு மீன் துண்டு எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. பல கடைகளில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக்கணக்கு உண்டு. அளவுச் சாப்பாட்டுக்குப் பழகிய நமக்கு இது முதலில் கறாராகத் தோன்றும். ஆனால் வேண்டாததற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதும், கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றபடி மானமாகச் சாப்பிட்டு எழுந்திருக்கலாம் என்பதும் இந்த முறையின் பெரிய நன்மைகள்.

பட்டியல் அட்டை என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். அன்றைய மீன் என்ன வந்ததோ அதைப் பரிமாறுகிறவர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். புரியாவிட்டால் அடுக்களைப் பக்கம் கை காட்டச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ‘தாதா’ என்று, அதாவது அண்ணன் என்று, கூப்பிட்டால் போதும். வங்காளச் சாப்பாடு கசப்பில் தொடங்க வேண்டும் என்பது முறை. பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சர்க்கரைவள்ளி ஆகியவற்றோடு பருப்பு வடகத்தைச் சேர்த்து, இறுதியில் சிறிது பால் விட்டு இறக்கும் சுக்தோவை முதலில் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். நாக்கைக் கழுவித் துடைத்து வைத்ததுபோல் அது அடுத்து வரும் சுவைகளுக்கு இடம் ஒதுக்குகிறது. நம் வீடுகளில் பாகற்காய் கடைசியில் இலையோரத்தில் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்கள், அதற்கு இவர்கள் தலைமை இடம் கொடுத்திருப்பதைக் கட்டாயம் ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பருப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளப் பொரித்த கத்தரிக்காய், உருளைக்கிழங்கைக் கசகசா விழுதில் புரட்டிய ஆலு போஸ்தோ, அதன் பின் மீன். நான் எடுத்துக்கொண்ட பாப்டா மீனின் குழம்பு கருஞ்சீரகமும் பச்சை மிளகாயும் மட்டுமே தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. புளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்த மீன்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அது முதலில் வெறுமையாகப் பட்டாலும், மீனின் சொந்தச் சுவை இத்தனை தெளிவாகத் தெரிவதற்கு அந்த வெறுமைதான் காரணம் என்பது இரண்டாவது கவளத்தில் விளங்கியது. கடுகு அரைத்த குழம்பு வேண்டுமென்றால் கட்லாவோ, பருவத்தில் இலிஷ் என்ற ஹில்சா மீனோ கேட்கலாம். இலிஷின் முள் மயிரிழை போன்றது. அதை அவசரமாகச் சாப்பிடவே முடியாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாழைப்பூ, வாழைத்தண்டு, கடலைப்பருப்பு அடையை நறுக்கிக் குழம்பில் இட்ட தோகார் டால்னா என்று இந்தச் சமையலில் சைவச் செல்வம் நிறையவே இருக்கிறது. ஆனால் வாழைப்பூவில் சின்ன இறாலையும் பருப்பில் மீன் தலையையும் சேர்ப்பது இங்கே இயல்பான வழக்கம், அதை யாரும் அசைவமென்று பிரித்து அறிவிப்பதில்லை. ஒவ்வொரு கறிக்கும் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். அந்தச் சங்கடமே வேண்டாம் என்பவர்களுக்கு அதே வட்டாரத்தில் புடிராம் இனிப்புக் கடை இருக்கிறது. காலையில் அங்கே கிடைக்கும் கச்சோரியும் கடலைப்பருப்புக் கூட்டும் எந்த ஹோட்டல் பஃபேயையும் விட மேல்.

சாப்பாட்டுக்குப் பிறகு காலேஜ் சதுக்கத்துக் குளத்தின் எதிரே, 1918 முதல் நடந்துவரும் பாரமவுண்ட் சர்பத் கடையில் இளநீர் சர்பத் குடிக்க வேண்டும். வழுக்கையைத் துண்டு துண்டாகப் போட்டுக் குளிர்ந்த இளநீரில் தருகிறார்கள். வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக் கொடுத்த செய்முறை என்பது கடையின் மரபுக் கதை. பளிங்குப் பலகை மேசைகளும் சுவரில் மான் கொம்புகளுமாகக் கடை சின்னதுதான். சர்பத் என் நாக்குக்குச் சற்றுத் தித்திப்பு அதிகம், சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

அங்கிருந்து சில அடி தூரத்தில் காபி ஹவுஸ். 1876இல் ஆல்பர்ட் ஹால் என்று தொடங்கிய கட்டடம். 1942இல் காபி வாரியம் இங்கே காபி விற்கத் தொடங்கியது. இன்று தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. சத்யஜித் ராய், ரித்விக் கட்டக், அமர்த்தியா சென் என்று இங்கே உட்கார்ந்து பேசியவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். தேநீர் நாளில் காபிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் இதைச் சேர்த்தது காபிக்காக அல்ல. இன்ஃப்யூஷன் என்று கேட்டால் வரும் பாலில்லாத காபி சுமாரானது. கும்பகோணம் டிகிரி காபி குடித்தவர்களுக்கு அது ஒரு காபியாகவே படாது. முட்டை வலை போர்த்திய கோழிக் கபிராஜி கட்லெட் பரவாயில்லை. ஆனால் அந்த உயர்ந்த கூரையின் கீழ், தாகூரின் பெரிய படத்தைப் பார்த்தபடி, ஒரே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாலை வரை பேசிக்கொண்டிருந்தாலும் தலைப்பாகை கட்டிய பரிமாறுநர்கள் ஒரு பார்வைகூட எறிய மாட்டார்கள். மேல்மாடத்தில் கைப்பிடியை ஒட்டிய மேசை கிடைத்தால் கீழே நடக்கும் நூறு உரையாடல்களும் ஒரே முழக்கமாக எழுந்து வருவதைக் கேட்கலாம். மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிற்றிதழ்க்காரர்கள் என்று எல்லாரும் ஒரே விலைக்கு ஒரே நேரத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தனியார் கையில் போயிருந்தால் இந்த மேசைகள் எப்போதோ மறைந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பிற்பகலில் மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறிக் காளிகாட்டில் இறங்க வேண்டும். நாட்டிலேயே முதலில், 1984இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ இது. ராஷ்பிஹாரி அவென்யூவில் ஆட்டோ பிடித்துக் கிழக்கே போனால் வழியில் லேக் மார்க்கெட் வரும். நம்மவர்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த பகுதி. மல்லிகைச் சரமும் வாழை இலையும் காபித்தூளும் இங்கே கிடைக்கும். இட்லிக்கு ஏங்குகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம். நான் இறங்கவில்லை, ஏனென்றால் இந்த நாளின் மிகச் சிறந்த தேநீர் தாகுரியாவுக்குப் பக்கத்தில் தக்ஷிணாபன் வளாகத்தில் காத்திருந்தது.

டாலிஸ் என்ற அந்தத் தேநீர்க் கடையை அமைத்தவர் டாலி ராய், இந்தியாவின் முதல் பெண் தேயிலைச் சுவைஞர் என்று பெயர் பெற்றவர். கடை மிகச் சிறியது. தாழ்ந்த மேசைகள், பிரம்பு முக்காலிகள், சுற்றிலும் தேயிலை டப்பாக்கள். மாநிலக் கைவினைக் கடைகள் நிறைந்த வளாகத்தின் முற்றத்தைப் பார்த்தபடி உட்காரலாம். பழங்களையும் பனிக்கட்டியையும் சேர்த்த வகைகள் பட்டியலில் நிறைய உண்டு. கோடையில் வருகிறவர்கள் அவற்றை விரும்பலாம். எனக்கு வேண்டியிருந்தது டார்ஜிலிங் மட்டுமே, அதுவும் பாலும் சர்க்கரையும் இல்லாமல்.

டார்ஜிலிங் தேயிலை, இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் பொருள். ஆண்டில் முதலில், மார்ச் ஏப்ரலில் பறிக்கும் கொழுந்து வெளிர்நிறச் சாறு தரும். பசும்புல்லும் பூவும் சேர்ந்த மணம். மே, ஜூன் மாதங்களின் இரண்டாம் பறிப்பில் ஒரு சிறிய தத்துப்பூச்சி இலையின் சாற்றை உறிஞ்சுகிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் வேதிப்பொருள்களிலிருந்துதான் உலகம் கொண்டாடும் அந்த மஸ்கட் திராட்சை மணம் பிறக்கிறது. பூச்சி கடித்த இலைக்கே விலை அதிகம் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்த மணம் மிக மென்மையானது, கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் கசப்பு முந்திக்கொள்ளும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் அல்லது சற்று மேல் இலை, கொதி அடங்கிய நீர், மூன்று நிமிடம், உடனே வடித்துவிட வேண்டும். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பால் சேர்த்த டார்ஜிலிங்கில் விலை மட்டுமே மிஞ்சும், மணம் மிஞ்சாது. டாலிஸில் வந்த இரண்டாம் பறிப்புத் தேநீர் இளஞ்செம்பு நிறத்தில், கோப்பையின் அடி தெரியும் தெளிவோடு இருந்தது. ஆறத் தொடங்கிய பிறகு அதன் இனிப்பு கூடியது. நல்ல தேயிலைக்கு அதுவே அடையாளம். கூடவே வாட்டிய சாண்ட்விச் ஒன்று போதும், காரமான எதையும் சேர்க்க வேண்டாம். நீலகிரித் தேயிலையைப் பாலில் காய்ச்சியே குடித்து வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்து இந்த ஒரு கோப்பையை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் இந்த நகரத்தில் உண்டு. நட்சத்திர விடுதி ஒன்றில், ‘ஹை டீ’ என்ற பெயரில் மூன்றடுக்குத் தட்டில் பலகாரங்களை அடுக்கிக் கொண்டுவந்தார்கள். டார்ஜிலிங் என்று சொல்லிக் கெண்டிக்குள் ஒரு தேயிலைப் பையைப் போட்டு, அதை எடுக்காமலே வைத்துவிட்டுப் போனார்கள். முதல் கோப்பை வெந்நீர், இரண்டாவது கோப்பை கஷாயம். ரசீதில் சேவைக் கட்டணம் கேட்காமலே சேர்ந்திருந்தது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டவுடன் எடுத்துவிட்டார்கள். பையிலிட்ட தூளைக் கெண்டியில் ஊறவிட்டு மறந்துபோகும் இடத்தைவிட நடைபாதைக்காரரின் இஞ்சித் தேநீர் எவ்வளவோ நேர்மையானது.

ஆங்கிலேயர் காலத்து மாலைத் தேநீர் வேண்டும் என்பவர்கள் பார்க் ஸ்ட்ரீட்டில் ஃப்ளூரீஸுக்குப் போகலாம். 1927இல் சுவிட்சர்லாந்துத் தம்பதியர் தொடங்கிய தேநீர் மனை. தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல்கள், ரம் பால் என்ற இனிப்பு உருண்டை, நாள் முழுவதும் கிடைக்கும் காலை உணவு ஆகியவை அதன் புகழுக்குக் காரணம். விலை கூடுதல்தான், சன்னலோர மேசை கிடைத்தால் கொடுக்கலாம். அதே தெருவில் உள்ள டிரிங்காஸ் உணவகத்தில்தான், சென்னை மவுண்ட் ரோட்டு நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் பாடத் தொடங்கிய உஷா உதுப் 1969இல் பட்டுப் புடவையும் பூவுமாக மேடை ஏறிக் கொல்கத்தாவைத் தன்வசப்படுத்தினார் என்பதை நம்மவர்கள் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் நடப்பது நல்லது.

இரவுச் சாப்பாட்டுக்கு அதே தெருவின் கோடியில் மல்லிக் பஜார் முனை, ஷிராஸ், பிரியாணி. 1856இல் அரசிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மேட்டியாபுருஸில் வந்து தங்கியதிலிருந்து இந்தச் சமையல் இங்கே வேரூன்றியது. பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு வந்தது கறியை மிச்சம் பிடிக்கத்தான் என்பார்கள் சிலர். அந்நாளில் உருளைக்கிழங்கே புதுமைப் பண்டம், ருசிக்காகத்தான் சேர்த்தார்கள் என்பது மற்றவர்கள் வாதம். கறிச்சாற்றையும் குங்குமப்பூ மணத்தையும் நெஞ்சு வரை உறிஞ்சிக்கொண்ட அந்தக் கிழங்கைச் சாப்பிட்ட நான் இரண்டாம் கட்சி. திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணியின் காரத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. நீண்ட அரிசி, ஜாதிக்காய் ஜாதிபத்திரி மணம், கைக்கு ஒட்டாத மென்மை. தயிர்ப் பச்சடியைவிட மட்டன் சாப் அதற்கு நல்ல துணை. இரவு ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும் என்பதால் எட்டு மணிக்கே போய்விடுவது உத்தமம்.

இந்தச் சுற்றை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளக் கூடாது. காலேஜ் ஸ்ட்ரீட் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், டல்ஹௌசியில் அலுவலகக் கூட்டம் இல்லாததால் தேநீர்க்காரர்களும் குறைவு. துர்கா பூஜை நாட்களில் எந்த மேசையிலும் நிம்மதியாக உட்கார முடியாது. டிசம்பர், ஜனவரி மாதங்கள் சிறந்தவை: வெயில் இதமாக இருக்கும், ஈச்ச மரத்துப் பதநீரில் காய்ச்சிய புது வெல்லம் இட்ட சந்தேஷ் என்ற பால் இனிப்பு கிடைக்கும். அதற்கு 1844இல் தொடங்கிய கிரீஷ் சந்திர தே நகுர் சந்திர நந்தி கடைக்குக் காலேஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே நடந்தே போய்விடலாம். தேயிலை வாங்கி வருகிறவர்கள் பறித்த பருவத்தையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு வாங்க வேண்டும். பொட்டலமாக இருந்தால் இலையைக் கையில் பிடித்த பெண் முகம் வரைந்த டார்ஜிலிங் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு கிராம் போதும், வீட்டில் மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.